சல்ஃபேட் இல்லை என்று அச்சிடுவதற்கு முன்

ஷாம்பு, பற்பசை, முகம் கழுவும் ஜெல் போன்றவற்றின் உறையில் ‘சல்ஃபேட் இல்லாதது’ என்று அச்சிட விரும்பும் நிறுவனம் ஆய்வகத்திடம் கேட்பது ஒரே வரிதான்: இதில் சல்ஃபேட் இருக்கிறதா, இல்லையா? கேள்வி சின்னது. ஆனால் எதைச் சல்ஃபேட் என்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் குடுவையைக் கையில் எடுப்பதில் பயனில்லை. உறையில் அந்தப் பெயரால் குறிக்கப்படுவது நுரை தரும் ஒரு குடும்பம். சோடியம் லாரில் சல்ஃபேட், அதாவது எஸ்.எல்.எஸ்.; சோடியம் லாரெத் சல்ஃபேட், அதாவது எஸ்.எல்.இ.எஸ்.; அம்மோனியம் லாரில் சல்ஃபேட்; தேங்காய் எண்ணெய் வழியில் வரும் சோடியம் கோகோ சல்ஃபேட் ஆகியவை அந்தக் குடும்பத்தில் அடிக்கடி தென்படுபவை. கொழுப்பு ஆல்கஹாலின் நீண்ட சங்கிலி ஒன்று, அதன் முனையில் ஒரு சல்ஃபேட் தொகுதி என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பு. சங்கிலி எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கிறது, முனை தண்ணீரைப் பிடிக்கிறது. எப்சம் உப்பும் சல்ஃபேட்தான். அது நுரைப்பதில்லை, தோலை வறட்டுவதும் இல்லை. அதைத் தேடி யாரும் ஆய்வகத்துக்கு வருவதில்லை.

ஆகவே இத்தொழிலில் பழகியவர்கள் பாட்டிலைத் திறப்பதற்கு முன் அதன் முதுகில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்கிறார்கள். பல வழக்குகள் அங்கேயே முடிந்துபோகும். முன்பக்கத்தில் ‘சல்ஃபேட் இல்லை’, பின்பக்கத்தில் சோடியம் கோகோ சல்ஃபேட் என்றிருந்தால் கருவியை இயக்கி மின்சாரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கோகோ சல்ஃபேட் என்பது தேங்காய் எண்ணெயின் கலவைச் சங்கிலிகளை அப்படியே சல்ஃபேட்டாக மாற்றியது. அதில் மிகுதியாக இருப்பது பன்னிரண்டு கார்பன் சங்கிலி, அதாவது எஸ்.எல்.எஸ். தான். இயற்கைப் பொருள் என்ற பெயரில் அது பல ஆண்டுகளாகக் கடை அலமாரியில் தப்பித்து வந்திருக்கிறது.

இந்தக் குடும்பம் அழகுசாதனத்துக்குள் நுழைந்ததே சோப்பின் குறையால்தான். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அழுக்குத் திரையாகப் படியும், தலைமுடி பிசுபிசுக்கும். கொழுப்பு ஆல்கஹால் சல்ஃபேட்டுகளுக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவான இந்த வேதியியலை அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் 1933இல் ட்ரெஃப்ட் சலவைத்தூளாகவும், 1934இல் ட்ரீன் ஷாம்புவாகவும் சந்தைக்குக் கொண்டுவந்தது. நோர்வேயின் ஒஸ்லோ நகருக்கு இந்தத் தேவை அவ்வளவாக இருந்ததில்லை. நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் மாரிடால்ஸ்வன்னெ ஏரியிலிருந்து வருகிறது. அது மென்னீர், சிறிதளவு நுரைப்பொருளுக்கே பொங்கி வழியும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் தலை குளித்தவர்கள் ஒஸ்லோவில் அதே ஷாம்புவை அதே அளவு ஊற்றிவிட்டு நுரையை அலசி முடிக்க முடியாமல் தவிப்பதுண்டு. சல்ஃபேட் இல்லாத ஷாம்பு நுரைக்காது என்ற புகார் இந்தத் தண்ணீரில் அவ்வளவாக எழாது.

எஸ்.எல்.எஸ். மீதான பயம் வதந்தியில் மட்டும் பிறந்ததல்ல. தோல் மருத்துவ ஆய்வுகளில் அது பல்லாண்டுகளாக அளவுகோல் எரிச்சலூட்டி. ஒரு களிம்பு தோலை ஆற்றுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் எஸ்.எல்.எஸ். கரைசலைப் பட்டையில் வைத்து மூடித் தோலைச் சிவக்க வைப்பார்கள். பிறகு களிம்பைச் சோதிப்பார்கள். டென்மார்க்கில் ஆக்னர், செரூப் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, இதே பொருளுக்கு அதே தோல் கோடையைவிடக் குளிர்காலத்தில் கூடுதலாகச் சிவப்பதைக் காட்டியது. ஒஸ்லோவில் அக்டோபருக்குப் பின் வாழ்ந்தவர்களுக்கு இது புதுச்செய்தியல்ல. ஆனால் மூடிய பட்டையில் ஒருநாள் முழுக்க ஒட்டிவைப்பதும், தலையில் தேய்த்து ஒரு நிமிடத்தில் அலசிவிடுவதும் ஒன்றாகா. அமெரிக்காவின் அழகுசாதனச் சேர்மான மறுஆய்வுக் குழு 1983இலேயே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டது: சிறிது நேரம் பயன்படுத்தி நன்றாகக் கழுவிவிடும் பொருட்களில் பாதுகாப்பானது, தோலில் நீண்ட நேரம் தங்கும் பொருட்களில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1990களின் இறுதியில் மின்னஞ்சல் வழியே பரவிய ‘ஷாம்புவால் புற்றுநோய்’ கதைக்கு ஆதாரம் எதுவுமில்லை. ஆனாலும் ஆய்வகத் தொலைபேசியில் அதிகம் கேட்கப்பட்டது அந்தக் கதைதான்.

நோர்வேயில் இந்த விவகாரம் தலைமுடியில் தொடங்கவில்லை, வாயில் தொடங்கியது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவப் பிரிவில் போல் பார்க்வோலும் உடன் பணியாற்றியவர்களும் 1980களின் இறுதியில் பற்பசையின் எஸ்.எல்.எஸ். குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கழுவியோடு எப்படி மோதுகிறது என்று பார்த்தார்கள். ஒன்று எதிர் அயனி, மற்றது நேர் அயனி. இரண்டும் வாயில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மருந்தின் வேலை கெடுகிறது. பல் துலக்கிய கையோடு அந்த மருந்தால் கொப்பளிக்காமல் இடைவெளி விடச் சொல்லும் அறிவுரைக்கு 1989இல் வெளியான அந்த ஆய்வு ஓர் அடிப்படை. பிறகு பென்ட ஹெர்லோஃப்சனும் பார்க்வோலும் அடிக்கடி வாய்ப்புண் வரும் பத்துப் பேரிடம் இரண்டு வகைப் பற்பசைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வெளியான அந்த முன்னோட்ட ஆய்வில், மூன்று மாதக் காலத்தில் எஸ்.எல்.எஸ். உள்ள பசையைப் பயன்படுத்தியபோது சராசரியாக 14.3 ஆக இருந்த புண்களின் எண்ணிக்கை, அது இல்லாத பசையில் 5.1 ஆகக் குறைந்தது. 1996இல் முப்பது பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது.

பிற நாடுகளில் பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. 2012இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில் புண்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆறும் காலமும் வலியும் மட்டும் குறைந்தன. ஆனால் நோர்வேயின் பல்மருத்துவர்கள் வாய்ப்புண் நோயாளிகளிடம் ‘எஸ்.எல்.எஸ். இல்லாத பசை வாங்குங்கள்’ என்று சொல்லும் பழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது. ஸென்டியம் போன்ற பசைகள் அலமாரியில் தனி இடம் பிடித்தன. ஷாம்புவுக்கு இந்த வாசகம் பெரும்பாலும் விளம்பரம். பற்பசைக்கு அது நோயாளி நம்பி வாங்கும் வாசகம். அங்கே பிழை நேர்ந்தால் யாரோ ஒருவரின் வாய் புண்ணாகிறது. ஆய்வகம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

இனி மேசைக்கு வரலாம். நுரைப்பொருள் பகுப்பாய்வின் பழைய முறைகள் எல்லாம் ‘இருக்கிறது’ என்று காட்ட உருவானவை. ‘இல்லை’ என்று காட்ட அல்ல. ஒஸ்லோவின் ஆக்கர்செல்வா ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய் ஆலையாகத் தொடங்கிய லில்லபோர்க், ஸாலோ பாத்திரத் திரவத்தையும் சோலிடாக்ஸ் பற்பசையையும் நோர்வேயின் வீட்டுப் பெயர்களாக்கிய நிறுவனம். அப்படிப்பட்ட தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு அறைக்குத் தேவையான பதில் ஒன்றுதான்: கொள்முதல் செய்த பசையில் 70 சதவீதம் என்று சொன்ன நுரைப்பொருள் நிஜமாகவே 70 சதவீதம் இருக்கிறதா? அதற்கு இருநிலைத் தரம்பார்த்தல் போதும். மாதிரியைத் தண்ணீரில் கரைத்து, குளோரோஃபார்மும் இரண்டு சாயங்கள் கலந்த காட்டியும் சேர்த்து, பியூரெட்டிலிருந்து பென்ஸெதோனியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவார்கள். எதிர் அயனி நுரைப்பொருள் மீதமிருக்கும்வரை அடியில் நிற்கும் குளோரோஃபார்ம் இளஞ்சிவப்பாக இருக்கும். தீர்ந்ததும் சிவப்பு வடிந்து சாம்பல் கலந்த நீலமாகும். ஐ.எஸ்.ஓ. 2271 என்ற தரநிலை இதைத்தான் வகுத்தது. அந்தத் தரம்பார்த்தலில் அளவுக்கல்லாக வைக்கப்படுவதே தூய எஸ்.எல்.எஸ். தான் என்பது சுவையான முரண்.

குலுக்கிய பிறகு அடுக்குகள் பிரியக் காத்திருப்பதில்தான் கைத்திறன் இருந்தது. வேகமாகக் குலுக்கினால் பால்போல் கலங்கி அரைமணி நேரம் தெளியாது. மெதுவாகக் குலுக்கினால் முடிவுப்புள்ளி தாண்டிப் போயிருக்கும். குளோரோஃபார்மின் நச்சுத்தன்மை காரணமாக அந்த வேலை முதலில் புகைக்கூண்டுக்குள் போயிற்று. பிறகு நுரைப்பொருளை உணரும் மின்முனை வந்ததும் சாயங்களும் கரைப்பானும் பல ஆய்வகங்களில் ஓய்வுபெற்றன. ஆனால் மின்முனையும் கேட்பது அதே கேள்வியைத்தான்: எதிர் அயனி நுரைப்பொருள் மொத்தம் எவ்வளவு? எந்த எதிர் அயனி என்று அது சொல்வதில்லை.

‘சல்ஃபேட் இல்லாதது’ என்ற வாசகம் பெருகியபோது இந்தக் குறை அம்பலமானது. சல்ஃபேட்டை விலக்கிய ஷாம்புக்காரர்கள் அந்த இடத்தில் சோடியம் கோகோயில் ஐசெதியனேட்டையோ, மெத்தில் டாரேட்டையோ, ஒலிஃபின் சல்ஃபோனேட்டையோ வைத்தார்கள். இவை சல்ஃபேட் அல்ல, சல்ஃபோனேட் வகை. கந்தக அணு இவற்றில் ஆக்சிஜன் பாலமின்றி நேராகக் கார்பனோடு பிணைந்திருக்கிறது. ஆனால் எளிய நிறச் சோதனைகளில் பயன்படும் மெத்திலீன் நீலச் சாயத்துக்கு இந்த நுணுக்கம் தெரியாது. எதிர் அயனி நுரைப்பொருள் எதுவானாலும் அதோடு சேர்ந்து குளோரோஃபார்முக்குள் இறங்கி, 652 நானோமீட்டரில் அளக்கத்தக்க நீலத்தைத் தரும். சல்ஃபேட் ஒரு துளிகூடச் சேர்க்காத குழந்தை ஷாம்பு குழாயில் கருநீலமாக நிற்பதைப் பார்த்துத் தயாரிப்பாளர் பதறிப்போவது அந்தக் காலத்தில் வாடிக்கை. கடையில் விற்கும் எளிய சோதனைப் பெட்டிகளை நம்பி, போட்டி நிறுவனத்தின் மீது புகார் எழுதியவர்களும் உண்டு. அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் கழிவுநீரைப் பார்க்க உருவானவை.

மறுபக்கத்து ஏமாற்றமும் உண்டு. தலைமுடியை மென்மையாக்கச் சேர்க்கும் பாலிகுவாட்டர்னியம், நேர் அயனி குவார் போன்றவை எதிர் அயனியைப் பிடித்து வைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். இருப்பது இல்லாததாகத் தெரியும். பற்பசையில் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் கராஜினன் கடற்பாசியிலிருந்து வருவது. அதன் சர்க்கரைச் சங்கிலியிலேயே சல்ஃபேட் தொகுதிகள் தொங்குகின்றன, மெத்திலீன் நீலத்தை அதுவும் இழுக்கும். கராஜினன் உள்ள பசையை நிறச் சோதனைக்கு அனுப்புவது வீண் செலவு.

கந்தகத்தையே மொத்தமாக அளந்துவிட்டால் என்ன என்ற யோசனை ஒவ்வொரு தலைமுறையிலும் யாருக்காவது தோன்றும். பேரியம் குளோரைடு ஊற்றினால் வெண்படிவு வரும்; ஆனால் அது காட்டுவது சோடியம் சல்ஃபேட் போன்ற சாதாரண உப்பை. அந்த உப்பு, சல்ஃபேட் அல்லாத நுரைப்பொருட்களின் தயாரிப்பிலும் எச்சமாகத் தங்கும். எஸ்.எல்.எஸ். தண்ணீரில் முழுதாக இருக்கும்வரை பேரியம் சல்ஃபேட் படிவைத் தருவதே இல்லை. கண்டிஷனர்களில் வரும் பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் இன்னொரு குழப்பம். பெயரில் சல்ஃபேட் இருக்கிறது. ஆனால் அது நேர் அயனிப் பொருள், அதன் துணை அயனி மட்டுமே மெத்தில் சல்ஃபேட். அழுக்கு நீக்கும் வேலையை அது செய்வதில்லை. சுருள்முடி வைத்திருப்பவர்கள் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நுகர்வோரைக் குறைசொல்லிப் பயனில்லை, பெயர் அப்படி.

நிறச் சோதனைக்கும் நவீனக் கருவிக்கும் இடையில் ஒரு நல்ல பழைய வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. சல்ஃபேட் எஸ்டர்கள் அமிலத்தோடு கொதிக்கவைத்தால் உடைந்துபோகும்; சல்ஃபோனேட்டுகள் உடையா. கொதிக்கவைப்பதற்கு முன்னும் பின்னும் தரம்பார்த்து, இரண்டின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் சல்ஃபேட்டின் பங்கு கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 2870 இந்த முறைக்கான தரநிலை. ஒலிஃபின் சல்ஃபோனேட் ஷாம்புவில் யாரோ மலிவுக்காக எஸ்.எல்.இ.எஸ். கலந்திருக்கிறார்களா என்று பார்க்க இது நேர்மையான கருவி. ஐசெதியனேட் இருந்தால் எச்சரிக்கை தேவை: அதன் எஸ்டர் பிணைப்பும் அமிலத்தில் அறுந்து சல்ஃபேட் போல நடிக்கும். அகச்சிவப்பு நிறமாலையில் 1220 என்ற அலையெண்ணை ஒட்டிய பட்டை சல்ஃபேட்டையும் 1180ஐ ஒட்டியது சல்ஃபோனேட்டையும் சுட்டும் என்பதும் துணைக்கு உதவும். சில சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் கண் மங்கிவிடும்.

இன்று தீர்ப்புச் சொல்வது திரவ வண்ணப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலைமானி. சல்ஃபேட் நுரைப்பொருட்கள் புறஊதா ஒளியை உறிஞ்சாதவை. ஆகவே வழக்கமான ஒளி உணரிக்கு அவை குருட்டுப் புள்ளி. நிறைமானிக்கோ அவை தேன்: எதிர் அயனி நிலையில் தாமாகவே மின்னேற்றத்தோடு பறந்து வரும். பன்னிரண்டு கார்பன் சல்ஃபேட்டின் அயனி 265 என்ற எண்ணில் தெரியும். உடைத்தால் 97 என்ற துண்டு விழும். பதினான்கு கார்பனுக்கு 293, பதினாறுக்கு 321. எஸ்.எல்.இ.எஸ். என்றால் எத்திலீன் ஆக்சைடு அலகு ஒவ்வொன்றுக்கும் 44 கூடி 309, 353, 397 என்று படிக்கட்டாக ஏறும்.

இந்தப் படிக்கட்டுதான் தொழிலின் மிகச் சங்கடமான உண்மையை வெளிச்சமாக்கியது. ஷாம்பு உறையில் ‘எஸ்.எல்.எஸ். இல்லாதது’ என்று போட்டுவிட்டு உள்ளே எஸ்.எல்.இ.எஸ். வைப்பது நெடுங்காலமாக நடந்தது. எஸ்.எல்.இ.எஸ். மென்மையானது என்பதும், பட்டியலில் அதற்கு வேறு பெயர் என்பதும் நியாயமாகச் சொல்லப்பட்டன. ஆனால் கொழுப்பு ஆல்கஹாலோடு எத்திலீன் ஆக்சைடு சேரும் வினை சீராக நடப்பதில்லை. சராசரி இரண்டு அலகு என்றால் சில மூலக்கூறுகளில் ஐந்து ஏறியிருக்கும், பலவற்றில் ஒன்றுகூட ஏறியிருக்காது. ஏறாமல் தங்கிய ஆல்கஹால் சல்ஃபேட்டாக மாறும்போது கிடைப்பது எஸ்.எல்.எஸ்.ஸேதான். வழக்கமான எஸ்.எல்.இ.எஸ்.ஸைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்தால், ஒற்றை உறுப்பாகப் பெரும்பாலும் அதுவே மிகுதி. 265இல் நிற்கும் அந்த உயரமான முகட்டைக் காட்டி, ‘நீங்கள் சேர்க்கவில்லை, ஆனால் இருக்கிறது’ என்று விளக்குவதற்குள் வாடிக்கையாளர் சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆய்வகத்துக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் அதே முகடுதான் நிற்கும். இதைச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும்: எஸ்.எல்.இ.எஸ். அயனியே கருவிக்குள் உடைந்து 265ஐத் தந்ததா என்று பார்க்க வண்ணப்பிரிகை நேரம் எஸ்.எல்.எஸ். அளவுக்கல்லோடு பொருந்த வேண்டும். பொருந்தாமல் அறிக்கை எழுதக் கூடாது.

எஸ்.எல்.இ.எஸ். வரும் இடத்தில் 1,4-டையாக்ஸேன் கேள்வியும் கூடவே வரும். அது எத்திலீன் ஆக்சைடு சேர்க்கும் வேலையின் துணைவிளைவு. தனிச் சோதனை, வாயு வண்ணப்பிரிகையில் பார்ப்பது. ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2015இல் அழகுசாதனங்களில் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படாத தடயம் பாதுகாப்பானது என்று கருத்துரைத்தது. எத்திலீன் ஆக்சைடே சேராத எஸ்.எல்.எஸ்.ஸில் இந்தக் கவலை இல்லை. இரண்டையும் ஒரே பயத்தில் சேர்த்துப் பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நிறைமானி வந்த பிறகு புதுத் தலைவலி தொடங்கியது: அது அதிகமாகப் பார்க்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே எஸ்.எல்.எஸ். எங்கும் தென்படும். அதற்குக் காரணம் பல. முதலாவது ஆய்வகமே. குடுவை கழுவும் திரவம், கை கழுவும் சோப்பு, பக்கத்து அறையில் புரத ஆய்வுக்குப் பயன்படும் எஸ்.எல்.எஸ். தூள் ஆகியவை எல்லாம் 265இல் நிழல் விழச் செய்யும். இந்தச் சோதனைக்கான கண்ணாடிகளைச் சோப்பே காட்டாமல் மெத்தனாலால் அலசும் பழக்கத்தை அனுபவம் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு வரிசைக்கும் வெற்று மாதிரி ஓட்டுவார்கள். செறிவான ஷாம்பு ஒன்றை ஓட்டியபின் பிரிகைக் குழாய் அதை எளிதில் மறக்காது. அடுத்த மாதிரி அநியாயமாகக் குற்றம் சாட்டப்படும். வடிதாள் சவ்வும் நுரைப்பொருளை உறிஞ்சும் என்பதால் முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிட வேண்டும். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏற்றிய எஸ்.எல்.எஸ்.ஸை, அதாவது 290இல் தெரியும் அதன் இரட்டையை, மாதிரியிலேயே கலந்துவிட்டால் இழப்பு எவ்வளவு என்பது கணக்கில் வந்துவிடும்.

இரண்டாவது காரணம் மூலப்பொருள். நுரைக்காத முகக் களிம்பில்கூடக் குழம்பாக்கும் மெழுகு வழியே எஸ்.எல்.எஸ். வரும், பிரிட்டிஷ் மருந்துநூல் வகை எமல்சிஃபையிங் வாக்ஸ் பத்தில் ஒரு பங்கு எஸ்.எல்.எஸ். கொண்டது. ஷாம்புவுக்குப் பால் நிறம் தரும் அக்ரிலேட் பாலிமர் கரைசல்களை நிலைநிறுத்தவும் பலமுறை இதே பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாங்கும் நிறுவனம் அந்தக் கரைசலின் வணிகப் பெயரை மட்டும் அறிந்திருக்கும். ‘இல்லாதது’ என்ற வாசகத்தில் கோட்டைவிட்ட நிறுவனங்களின் கோப்பைத் திறந்தால், நுரைப்பொருளில் தவறு இருப்பதைவிட இப்படி நிறம், பளபளப்பு, கெட்டித்தன்மை தரும் துணைப்பொருளில் தவறு இருப்பதுதான் அதிகம் என்பது மேசையில் இருந்தவர்களின் கணிப்பு. மூன்றாவது, நிரப்பும் இயந்திரம். காலையில் சாதாரண ஷாம்பு ஓடிய குழாயில் மாலையில் ‘சல்ஃபேட் இல்லாத’ ஷாம்பு ஓடினால், முதல் சில நூறு பாட்டில்களை ஒதுக்குவதா வேண்டாமா என்பது பணத்தோடு தொடர்புடைய கேள்வி.

ஒஸ்லோவுக்கென்றே ஒரு பாடமும் உண்டு. ஜனவரியில் தபாலில் வரும் மாதிரிகள் உறைநிலைக்குக் கீழே கிடந்து வருபவை. எஸ்.எல்.எஸ். தண்ணீரில் கரைந்து நிற்பதற்குச் சுமார் 16 பாகை செல்சியஸாவது வேண்டும். அதற்குக் கீழே ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். பொட்டாசியம் உப்பு அருகில் இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்தப் பாட்டிலின் மேல்பகுதியிலிருந்து எடுத்த துளி குறைவாகவும், அடியிலிருந்து எடுத்தது மிகையாகவும் காட்டும். வந்த பாட்டிலை 40 பாகை அளவுக்கு இளஞ்சூடாக்கி, நுரை எழாமல் உருட்டிக் கலந்து, பிறகே மாதிரி எடுப்பது வழக்கம். அதுவும் பிப்பெட்டால் அல்ல. நுரையில் கன அளவு பொய் சொல்லும், தராசு சொல்லாது.

இவ்வளவுக்கும் பிறகு அறிக்கையில் என்ன எழுதுவது? எஸ்.எல்.எஸ். தடைசெய்யப்பட்ட பொருளல்ல, ஐரோப்பிய அழகுசாதனச் சட்டம் அதற்கு உச்சவரம்பும் வைக்கவில்லை. ஆகவே எந்த அளவுக்குக் கீழே போனால் ‘இல்லை’ என்று சொல்லலாம் என்ற எண்ணும் சட்டத்தில் இல்லை. ஆய்வகம் நேர்மையாகச் சொல்லக்கூடியது, ‘இந்த முறையில், கிலோவுக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் காணப்படவில்லை’ என்பது மட்டுமே. இந்த எண்ணை எடுத்துவிட்டு ‘சல்ஃபேட் இல்லை’ என்று மட்டும் சான்றிதழ் தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் வற்புறுத்துவார்கள். லில்லஸ்ட்ரம் நகரிலுள்ள நோர்வே அங்கீகார அமைப்பின் கீழ் ஐ.எஸ்.ஓ. 17025 தகுதி பெற்று நடக்கும் ஆய்வகம் அதற்கு இணங்க முடியாது. எந்தெந்தச் சல்ஃபேட்டுகளைத் தேடினோம் என்ற பட்டியலும் அறிக்கையில் இருந்தாக வேண்டும். எஸ்.எல்.எஸ்.ஸை மட்டும் தேடிவிட்டு ‘சல்ஃபேட்’ என்று பொதுவாக எழுதுவது பிழை.

நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் அல்ல. ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி உடன்படிக்கை வழியாக 1223/2009 என்ற அழகுசாதன ஒழுங்குமுறையைத் தன் சட்டமாக ஏற்றுக்கொண்டுள்ளது. ஒன்றியத்தில் அது 2013 ஜூலை 11இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் வந்த 655/2013, உறை வாசகங்களுக்கு ஆறு அளவுகோல்களை வைத்தது: சட்டத்துக்கு உட்பட்டிருத்தல், உண்மை, சான்று, நேர்மை, நியாயம், நுகர்வோர் தெரிந்து முடிவெடுக்க உதவுதல். அதற்கு முன்பு நிறுவனத்தின் சொல்லே சான்றாக ஓடிய காலம் உண்டு. இப்போது சான்று பொருள் தகவல் கோப்பில் இருக்க வேண்டும். பொருளைக் கண்காணிக்கும் மாட்டில்சீனெட் கேட்டால் காட்ட வேண்டும். விளம்பரம் திசைதிருப்புகிறதா என்பதை நுகர்வோர் ஆணையமான ஃபோர்ப்ரூகர்டில்சீனெட் பார்க்கும். போட்டி நிறுவனங்களுக்கு இடையிலான தகராறுகளை விசாரிக்க வணிகத் துறைக்கென்று ஒரு குழுவும் உண்டு. ஆய்வக அறிக்கைகளை மிகக் கூர்மையாகப் படிப்பவர்கள் அங்கே வாதாடும் வழக்கறிஞர்கள்தான்.

பெரிய திருப்பம் 2019இல் வந்தது. ‘இல்லாதது’ வகை வாசகங்களுக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல், 2017இல் எழுதப்பட்டு, 2019 ஜூலை 1 முதல் பின்பற்றப்படத் தொடங்கியது. சட்டப்படி பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்ட ஒரு பொருளை இழிவுபடுத்தும் தொனியில் ‘இல்லை’ என்று எழுதுவது நியாயமல்ல என்று அது சொன்னது. ‘பாரபென் இல்லை’ என்ற புகழ்பெற்ற வாசகம் அதற்கு எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது. ஒரு வகைப் பொருட்களில் இயல்பாகவே இல்லாத ஒன்றை ‘இல்லை’ என்று பெருமையடிப்பதும் கூடாது. மிகுந்த ஆல்கஹால் கொண்ட நறுமணத் திரவியம் ‘பதப்படுத்தி இல்லை’ என்று சொல்வதை அந்த ஆவணம் உதாரணமாகக் காட்டுகிறது. மறுபுறம், வாய்க்கழுவியில் ‘ஆல்கஹால் இல்லை’ என்பது குடும்பத்துக்கு உதவும் தகவல் என்று அனுமதிக்கப்பட்டது. இது சட்டமல்ல, வழிகாட்டுதல்தான். ஆனாலும் அதுவரை ‘உண்மையா?’ என்று மட்டும் கேட்கப்பட்ட ஆய்வகம், அதன்பின் ‘சொல்லலாமா?’ என்ற கேள்விக்கும் முன்னால் நிற்கத் தொடங்கியது. பற்பசையில் ‘எஸ்.எல்.எஸ். இல்லை’ என்பதை வாய்ப்புண் உள்ளவருக்கான தகவலாக ஆதரிக்கலாம். ‘கொடிய சல்ஃபேட்டுகள் இல்லை’ என்ற ஷாம்பு வாசகத்துக்கு எந்த நிறமாலையும் துணைநிற்காது. முக எண்ணெயில் ‘சல்ஃபேட் இல்லை’ என்று எழுதுபவரிடம் சோதனைக் கட்டணம் வாங்குவதற்கு முன் அது தேவையில்லை என்று சொல்லிவிடுவதே முறை.

இப்போது ஒரு கோப்பு முழுமையாக வேண்டுமென்றால் இருப்பவை இவை: ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் வழங்குநர் கையெழுத்திட்ட சேர்மான விவரம், அதில் துணைப்பொருட்களும் நிலைநிறுத்திகளும் அடக்கம், நிரப்பும் இயந்திரத்தைக் கழுவிய பதிவு, தேடிய சல்ஃபேட்டுகளின் பட்டியலோடும் கண்டறியும் எல்லையோடும் கூடிய சோதனை அறிக்கை, வாசகத்தின் சொற்களை அளவுகோல்களோடு ஒப்பிட்ட ஒரு பக்கக் குறிப்பு. கடைசி வரிசைத் தயாரிப்பு சந்தைக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள் கோப்பு பாதுகாக்கப்பட வேண்டும். வழங்குநர் மாறினால், ஏன், அதே வழங்குநர் தன் ஆலையை மாற்றினாலும், மறுசோதனை. எடுத்துவைத்த மாதிரிகளைப் பின்னாளில் திறந்து பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சல்ஃபேட் எஸ்டர் அமிலச் சூழலில் மெல்ல உடையும். உடையும்போது பிறக்கும் அமிலம் உடைவை இன்னும் விரைவுபடுத்தும். அமிலத்தன்மை கூடிய, வெப்பமான கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பாட்டிலில் அளவு குறைந்து காட்டக்கூடும். அதனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் தயாரிப்புத் தேதி, மாதிரி வந்த தேதி, சோதித்த தேதி மூன்றையும் எழுதுகிறார்கள். மாதிரி எந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதை அடுத்த வரியில் குறிக்கிறார்கள்.